வெந்தய வரியனுக்கு ஒரு டப்பா

வெளிநாட்டு மொனார்க் வண்ணத்துப்பூச்சிக்கு நம்மூரில் நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு: வெந்தய வரியன். எருக்கைத் தின்று வளர்வதால் கசக்கும். பறவைகள் சீக்கிரம் சீண்டாது. இதைப் பெருக்க முதல் வேலை, வேலியோர எருக்கை வெட்டாமல் விடுவது.

வளர்த்துப் பார்க்க ஆசையா? குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் எருக்கிலையைப் புரட்டிப் பாருங்கள். கறுப்பு வெள்ளை வரியும் மஞ்சள் புள்ளியும் உள்ள புழுவை இலையோடு எடுத்து, கொசுவலை கட்டிய டப்பாவில் விடுங்கள். ஒன்றிரண்டு போதும், நெருக்கினால் நோய் வரும். தினமும் புது இலை வைத்து, எச்சத்தைத் தட்டிவிடுங்கள். கூடு தொங்க ஒரு குச்சி சாய்த்து வையுங்கள். பூச்சி வெளிவந்தால் சிறகு காயும்வரை தொட வேண்டாம், அப்புறம் வெயிலில் திறந்துவிடலாம்.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து; இலை பறித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.