கும்பப்பூவுக்குத் தொளியடிப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில்நாட்டில் கன்னிப்பூ எனும் முதல் போக நெல் அறுப்புக்கும் கும்பப்பூ எனும் இரண்டாம் போக நடவுக்கும் இடையே கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில், அறுப்பு இயந்திரம் வயலைவிட்டு ஏறியதுமே டிராக்டரை இறக்கி, ஒரே நாளில் தொளியடித்து (வயலைச் சேறாக உழுது), மறுநாளே நாற்று நடுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய அவசரத்துக்குக் காரணம் உண்டு. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் நாற்று வேர் பிடித்தாக வேண்டும். ஆனாலும், அறுத்த பயிரின் தாளும் வேரும் மக்க இடம் கொடுக்காமல் நட்ட வயலில் பயிர் முதல் சில வாரங்கள் மஞ்சளித்துத் திணறும் என்பதால், மிச்சம் பிடித்த நாட்களால் பயன் ஒன்றும் இருப்பதில்லை. எனவே நடவு நாளை முதலில் முடிவு செய்துகொண்டு, முதல் உழவு அதற்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்னதாக அமையும்படி திட்டமிட வேண்டும்.

உழவுக்கும் முன்னதாக வரப்பைச் சரிசெய்ய வேண்டும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் இருந்து வரும் தண்ணீர், தோவாளை, அனந்தனாறு கால்வாய்கள் வழியாகக் கடைமடைக்கு வந்து சேர்வதற்கு நாளாகும். வந்த தண்ணீரை நண்டு வளை வழியாகப் பக்கத்து வயலுக்கு விட்டுவிட்டு மறுபடியும் முறைக்காகக் காத்திருப்பது வீண். வரப்பின் இரு ஓரத்தையும் மண்வெட்டியால் செதுக்கி, புல்லை வேரோடு எடுத்து, நண்டு, எலி வளைகளைத் தோண்டிப் பார்த்துக் களியை அடைத்துக் குதிகாலால் மிதித்து இறுக்கிய பிறகே புதுச் சேற்றை வரப்பின் பக்கங்களில் அப்பி அண்டை பூச வேண்டும். வளையின் வாயை மட்டும் மூடிவிட்டு மேலே பூசினால், தண்ணீர் கட்டிய மறுநாளே அது உள்ளுக்குள் ஒழுகத் தொடங்கிவிடும்.

முதல் உழவுக்கு வயலில் இரண்டு அங்குலத் தண்ணீர் நின்றால் போதும். தண்ணீர் மிகுந்தால் கலப்பை மண்ணைப் புரட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். தாள் அமுங்காமல் மிதந்து வரப்போரம் ஒதுங்கும். இந்த உழவின்போதே ஏக்கருக்கு 9 கிலோ யூரியாவைத் தூவி, தாளோடு சேர்த்து மடக்கி உழுவது நல்லது. தாளை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்கள் தேவைக்கு மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்வதால் உண்டாகும் பற்றாக்குறையை அது ஈடுசெய்யும். கொழிஞ்சி, தக்கைப்பூண்டு, புங்கம், வேலியோரக் கிளிரிசிடியா ஆகியவற்றின் தழை கிடைத்தால் ஏக்கருக்கு இரண்டரை டன் வரை இப்போதே மிதித்துவிடலாம். ரப்பரும் வாழையும் வீட்டுமனைகளும் நெல்வயலைச் சுருக்கிவரும் இம்மாவட்டத்தில், மிச்சமிருக்கும் வயலுக்கு நாம் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி இந்தத் தழையுரம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த பத்து நாளும் வயல் காயவே கூடாது. இடையில் ஒருநாள் உள்ளே இறங்கி நடந்து பார்க்க வேண்டும். கால் வைத்த இடத்தில் குமிழிகள் கொத்துக்கொத்தாகக் கிளம்பி அழுகல் நாற்றம் வீசினால் தாள் இன்னும் மக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது பழைய தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் கட்டி, மேலும் சில நாட்கள் பொறுப்பதே முறை.

இரண்டாம் உழவில்தான் மண் உண்மையாகவே தொளியாகிறது. மண்கட்டிகள் உடைந்து நுண்ணிய களித்துகள்கள் தண்ணீரில் கலங்கி, பிறகு படியும்போது கீழேயுள்ள துளைகளை அடைத்துவிடுவதால் தண்ணீர் உள்ளிறங்கி வீணாவது குறைகிறது. களைகளும் புதைந்து அழிகின்றன. இதற்கு அரை அடி ஆழம் போதுமானது. கூண்டுச்சக்கரம் (சேற்றில் ஓட்டும் இரும்புச் சக்கரம்) பூட்டிய கனத்த டிராக்டரை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் அடியிலுள்ள இறுகிய படலம் உடைந்து, அடுத்த பூவிலும் (போகத்திலும்) அந்த இடம் புதைகுழியாகவே இருக்கும். நன்றாக மக்கிய வயலுக்கு இரண்டு சால் (சுற்று உழவு) போதும். ஐந்து சால் ஓட்டுவது டீசலுக்குத்தான் கேடு.

உழுது முடித்ததும் மரமடிக்க வேண்டும், அதாவது மரப்பலகையை இழுத்துச் சேற்றைச் சமன்படுத்த வேண்டும். வயலில் மெல்லிய தண்ணீர் விட்டுப் பார்த்தால் மேடு எது, பள்ளம் எது என்பது தானாகத் தெரியும். மேட்டுச் சேற்றைப் பள்ளத்துக்கு இழுத்து, தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நிற்கும்வரை மரத்தை ஓட்ட வேண்டும். மேட்டில் களை முளைக்கும், பள்ளத்தில் நாற்று அழுகும் என்பதால் இந்த வேலையில் சோம்பல் கூடாது.

மணற்பாங்கான வயலில் அன்றே நடலாம். களிமண் வயலில் சேறு படிய ஓரிரு நாள் விட வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டு விரலால் சேற்றில் ஒரு கோடு கிழித்துப் பாருங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் சேறு இன்னும் இளகலாக இருக்கிறது, நட்ட நாற்று சாய்ந்து மிதக்கும். கிழித்த கரை அப்படியே விறைத்து நின்றால் இறுகிவிட்டது, நடுகிறவர்களின் விரல்தான் நோகும். கோடு மெதுவாகக் கூடி வந்தால் நடவுக்கு ஏற்ற பக்குவம்.

தொளியில் இறங்குகிறவர்களின் கால்களையும் கவனிக்க வேண்டும். எலிக்காய்ச்சல் காயத்தின் வழியாக உடலில் ஏறக்கூடியது. பாதத்தில் வெட்டோ வெடிப்போ உள்ளவரை அன்று வரப்பு வேலைக்கு மாற்றுங்கள். வேலை முடிந்ததும் விரலிடுக்குகளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து உலரவிட்டால் சேற்றுப்புண்ணும் அண்டாது. வயலில் இறங்கிய சில நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வயலில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

நாற்றுமுடிகளை (நாற்றுக் கட்டுகளை) வயலில் வீசுவதற்கு முன், ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து சேற்றின்மேல் சீராகத் தூவிவிடுங்கள். தூவியபின் மறுபடியும் மரமடிக்க வேண்டாம்.