ஸ்டார்டியூ வேலி: கடிகாரத்தோடு மல்லுக்கட்டாமல் பண்ணை நடத்த

மனசு லேசாக ஒரு கேம் சொல்லுங்கள் என்று கேட்டால் முதலில் வந்து விழும் பெயர் ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் ஒற்றை ஆளாக நான்கு ஆண்டுக்கு மேல் உட்கார்ந்து படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டது. தாத்தா விட்டுப்போன நிலம், நாலு கோழி, ஒரு சின்ன ஊர். இருந்தும் ஒரு வாரம் ஆடிவிட்டு "ஆபீஸைவிட இது டென்ஷன்" என்று மூடி வைப்பவர்கள் உண்டு. அவர்கள் மேல் தப்பில்லை. திரையின் வலது மேல் மூலையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பதற்றத்துக்கு முக்கால் காரணம் அதுதான்.

கணக்கு இது. கேமில் 10 நிமிடம் நகர நிஜத்தில் 7 விநாடி. காலை 6 மணிக்கு எழுந்து அதிகாலை 2 மணிக்கு மயங்கி விழும் வரை 20 மணி நேரம், அதாவது நிஜத்தில் 14 நிமிடம். தனியாக ஆடும்போது மெனுவைத் திறந்தாலோ யாரிடமாவது பேசினாலோ கடிகாரம் நின்றுவிடும். அதனால் ஒரு நாள் உண்மையில் 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். நண்பர்களோடு சேர்ந்து ஆடினால் மெனு திறந்தாலும் நேரம் ஓடும். இளைப்பாற ஆடுகிறீர்கள் என்றால் முதல் பண்ணையைத் தனியாகவே தொடங்குங்கள்.

பண்ணை வகை கேட்கும் இடத்தில் முதலில் இருக்கும் ஸ்டாண்டர்ட் பண்ணையே போதும். வில்டர்னஸ் பண்ணையில் இராத்திரி பூச்சாண்டிகள் வரும். கடற்கரைப் பண்ணை கண்ணுக்கு அழகு, ஆனால் மணலில் ஸ்ப்ரிங்க்ளர் வைக்க முடியாது. தினமும் கையால் தண்ணீர் ஊற்றியே சலித்துவிடும்.

ஆப்ஷன்ஸ் பக்கத்தில் இசை, சத்தம், சூழல் ஒலி, காலடி ஓசை நான்குக்கும் தனித்தனி அளவு இருக்கிறது. காலடி ஓசையைக் குறைத்து, சூழல் ஒலியைக் கொஞ்சம் கூட்டினால் மழை நாளில் வித்தியாசம் தெரியும். விண்டோவை விட்டு வெளியே போனால் கேம் நிற்கும்படி வைக்கும் ஆப்ஷனையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பில் பால் பொங்கினால் எழுந்து ஓட வேண்டுமே.

முதல் நாள்

கையில் 500 கோல்ட் (கேமுக்குள் ஓடும் பணம்), 15 பார்ஸ்னிப் (ஒரு கிழங்கு) விதை, 270 எனர்ஜி. புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு, நிலம் முழுக்கக் கிடக்கும் மரம், கல், புதர் எல்லாவற்றையும் அன்றே சுத்தம் செய்யப் பார்ப்பது. ஒரு பெரிய மரத்தைச் சாய்த்து அடிக்கட்டையையும் எடுக்கத் தொடக்கக் கோடரியால் 15 வெட்டு வேண்டும். வெட்டுக்கு 2 வீதம் 30 எனர்ஜி. எட்டு மரத்தில் நாள் காலி. எனர்ஜி பூஜ்யத்துக்கு இறங்கினால் நடையே தள்ளாடும், மறுநாளும் முழு எனர்ஜியோடு எழ முடியாது. அரிவாளுக்கு மட்டும் எனர்ஜி செலவே இல்லை. புல்லை எவ்வளவு வேண்டுமானாலும் அறுக்கலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வீட்டுக்குப் பக்கத்தில் 3 வரிசை, வரிசைக்கு 5 கட்டம் கொத்துங்கள்: 30 எனர்ஜி. விதை போட்டு பூவாளியால் தண்ணீர் ஊற்றுங்கள்: இன்னொரு 30. பிறகு சில மரங்களை வெட்டி 50 கட்டை சேர்த்து ஒரு பெட்டி செய்து வாசலிலேயே வையுங்கள். பையில் இருப்பது 12 இடம், அதில் 5 கருவிகளுக்கே போய்விடும். பை நிரம்பி, எதைக் கீழே போடுவது என்று யோசிப்பதுதான் இந்த கேமில் மிகவும் எரிச்சலான வேலை. பெட்டி இருந்தால் பாதி தீரும்.

பயிரை 15-க்குள் வைப்பதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. காகங்கள் எத்தனை பயிர் இருக்கிறது என்று பார்த்துத்தான் வரும். 16-க்குக் குறைவாக இருந்தால் வரவே வராது. சோளக்கொல்லைப் பொம்மை செய்யக் கற்றுக்கொண்ட பிறகு பரப்பை ஏற்றலாம். அப்போதும் 40-ஐத் தாண்ட வேண்டாம். தொடக்கப் பூவாளி ஒருமுறை நிரப்பினால் சரியாக 40 கட்டத்துக்கு வரும். 41-ஆவது செடிக்காகக் குளத்துக்கு நடக்கும்போதுதான் "எதுக்குடா இது" என்று தோன்றும்.

எதற்குப் பயப்பட வேண்டாம்

ஒருநாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் செடி சாகாது. அன்று வளராது, அவ்வளவே. கோழிக்கும் மாட்டுக்கும் தீனி வைக்காமல் விட்டாலும் சாகாது. முகம் திருப்பும், முட்டையும் பாலும் வராது. திருவிழாவுக்குப் போகாவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஊர்ப் பொதுக்கூடத்தைச் சீரமைக்கும் வேலைக்குக் கெடுவே கிடையாது, பத்து வருடம் இழுத்தாலும் அது அங்கேயே காத்திருக்கும். மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் தாத்தாவின் ஆவி வந்து பண்ணைக்கு மார்க் போடும் என்பதைக் கேட்டு முதல் நாளிலிருந்தே அலறுகிறவர்கள் உண்டு. குறைவாகப் போட்டால் தாத்தாவின் சமாதியில் ஒரு வைரம் வைத்து எப்போது வேண்டுமானாலும் மறுபடி மதிப்பிடச் சொல்லலாம்.

நிஜமாகவே நஷ்டம் தருபவை கொஞ்சம்தான். பருவம் மாறுவது அதில் பெரியது. ஒவ்வொரு பருவத்துக்கும் 28 நாள். 29-ஆம் நாள் விடிந்தால் அந்தப் பருவத்துப் பயிர் மொத்தமும் கருகிக் கிடக்கும். காலிஃபிளவருக்கு 12 நாள் என்பதால் வசந்தத்தில் 16-ஆம் தேதிக்குப் பிறகு நட்டால் பணம் போச்சு. நாலு நாளில் விளையும் பார்ஸ்னிப்பை 24 வரை நடலாம். இடையில் ஒருநாள் தண்ணீர் விட்டுப்போனால் அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். விதைக்கடை புதன்கிழமை திறக்காது என்பதையும் மறக்காதீர்கள்.

அடுத்தது தூக்கம். நள்ளிரவுக்கு முன் படுத்தால் முழு எனர்ஜி திரும்பும். அதற்கப்புறம் படுக்கப் படுக்கக் குறையும். 2 மணிக்கு வீட்டுக்கு வெளியே விழுந்தால் கையிருப்பில் 10 சதவீதம், அதிகபட்சம் 1,000 கோல்ட் போகும். பத்து மணிக்கு வீட்டைப் பார்த்து நடையைக் கட்டுவது பழக்கமாகிவிட்டால் இந்தக் கவலையே இல்லை. மாலை 4 மணிக்கே வேலை முடிந்தால் 4 மணிக்கே படுக்கலாம். அதற்கு எந்த அபராதமும் கிடையாது. மீதி நேரத்தை வீணாக்குகிறோமே என்ற குறுகுறுப்பைத்தான் விட வேண்டும்.

தூண்டிலும் சுரங்கமும்

இந்த இரண்டில்தான் பலர் கேமையே விட்டுப் போகிறார்கள். மீன் மாட்டியதும், மேலும் கீழும் துள்ளும் மீனை ஒரு பச்சைப் பட்டைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். பட்டனை அழுத்தினால் பட்டை ஏறும், விட்டால் இறங்கும். இரண்டாம் நாள் மீன்கடைக்காரர் வில்லி இலவசமாகத் தரும் மூங்கில் தூண்டிலில் இந்தப் பட்டை சின்னது, மீன் துள்ளும் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காது. அவர் கடையிலேயே 25 கோல்டுக்குப் பயிற்சித் தூண்டில் இருக்கிறது. பட்டை பெரிதாகும், எளிய மீன் மட்டும் விழும். மீன்பிடி லெவல் ஐந்தாகும் வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்திப் பிடிக்கக் கூடாது. தட்டித் தட்டி விட வேண்டும். பட்டை அடியில் மோதினால் எகிறிக் குதிக்கும், மீன் தப்புவது பெரும்பாலும் அந்த நொடியில். தொடுதிரையில் இன்னும் கஷ்டம் என்பதால் மொபைலில் ஆடுபவர்கள் மீனை ஒதுக்கிவிட்டு பின்னால் நண்டுக் கூண்டுக்குப் போகலாம். அதில் இரையை வைத்துவிட்டு மறுநாள் எடுத்தால் போதும்.

சுரங்கம் வசந்தம் 5-ஆம் தேதி திறக்கும். ஐந்து தளத்துக்கு ஒரு லிஃப்ட் நிறுத்தம். ஒரு நாளைக்கு ஐந்து தளம் இறங்கினால் போதும். காட்டின் தென்கிழக்கு மூலையில் வசந்தம் முழுக்க வெங்காயத்தாள் முளைத்துக் கிடக்கும், பைசா செலவில்லை, ஒன்றுக்கு 13 எனர்ஜி. பத்துப் பதினைந்து பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். சண்டை பிடிக்காது என்றாலும் சுரங்கத்தை ஒரேயடியாகத் தவிர்க்காதீர்கள். சுற்றியுள்ள 8 கட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் குவாலிட்டி ஸ்ப்ரிங்க்ளருக்கு ஒரு இரும்புக் கட்டி, ஒரு தங்கக் கட்டி, ஒரு சுத்திகரித்த குவார்ட்ஸ் வேண்டும். விவசாய லெவல் 6-இல் செய்முறை கிடைக்கும். ஐந்து வைத்தால் 40 செடிக்குப் பூவாளியே தேவையில்லை. காலை வேலை அத்தனையும் கழன்று, கேம் நிஜமாகவே ஓய்வாக மாறுவது அன்றைக்குத்தான்.

கேமின் தகவல் தளமான விக்கியை எப்போது திறப்பது என்பதிலும் ஒரு கட்டுப்பாடு நல்லது. இந்த மீன் எங்கே கிடைக்கும், இவருக்கு எது பிடிக்கும் என்று பார்க்கலாம். "முதல் ஆண்டில் அதிக லாபம்" வகைப் பட்டியல்களைத் திறந்தால் பண்ணை எக்செல் ஷீட்டாகிவிடும்.

எங்கே நிறுத்துவது

படுத்தால்தான் சேவ் ஆகும். அதனால் பாதி நாளில் எழுந்து போனால் அந்த நாள் கணக்கில் வராது. இரண்டு நாள் என்று முன்கூட்டியே முடிவு செய்து உட்காருங்கள். அரை மணிக்கு மேல் ஆகும், முக்கால் மணியைத் தாண்டாது. படுத்ததும் அன்றைய விற்பனைக் கணக்கு வரும், ஓகே கொடுத்ததும் சேவ் ஆகி மறுநாள் காலை 6 மணிக்குக் கட்டிலில் எழுவீர்கள். டிவியைப் போட்டு நாளைய வானிலையைப் பார்க்காதீர்கள், வாசல் கதவையும் திறக்காதீர்கள். செடி ஒரு விரல் வளர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால் இன்னொரு நாள் ஆடாமல் எழ முடியாது. கட்டிலில் நின்றபடியே மெனுவைத் திறந்து வெளியேறுங்கள்.