விளையாட்டுத் திரையைக் கருங்கோடுகள் இன்றிப் படமெடுப்பது: மாணவர் விளம்பரப் பணிக்கான செய்முறை

வீடியோ கேம் ஒன்றை விளம்பரப்படுத்தும் புகைப்படங்களையும் ஒரு நிமிடக் காணொளியையும் சென்ற பருவத்தில் மாணவர் பணியாகத் தயாரித்தேன். விளையாடும் தோழியின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்த காட்சிகள் அனைத்திலும் திரைமேல் கருங்கோடுகள் ஊர்ந்ததால், ஒரு நாள் உழைப்பு முழுவதும் வீணாயிற்று. அதே வேலையில் இறங்குவோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், தேர்ந்தெடுத்த விளையாட்டின் பயன்பாட்டு விதிகளைப் படியுங்கள். எடுத்துக்காட்டாக, மைன்கிராஃப்டைக் காட்டுவோர், தங்கள் படைப்பு அதிகாரபூர்வமானது அன்று என்றும், அதை உருவாக்கிய மோஜாங், அதன் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றின் ஒப்புதலோ தொடர்போ அதற்கு இல்லை என்றும் அறிவிக்க வேண்டும். அந்த வரிக்கு இறுதிக் காட்சியில் இப்போதே இடம் ஒதுக்குங்கள்.

அடுத்து, ஆட்டத்தை மட்டும் காட்டும் பகுதிகளைக் கேமராவால் எடுக்காமல், கணினித் திரையைப் பதிவுசெய்யும் மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோவில் நேரடியாகப் பதிவுசெய்யுங்கள். கோப்பு வகையாக எம்கேவியையே பரிந்துரைப்பேன். பதிவு நடுவில் கணினி நின்றாலும் அதுவரை பதிவானது பிழைத்துவிடும், பின்னர் அதே மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

இனி, என்னைத் தடுக்கிவிட்ட படி. வழக்கமான கணினித் திரை நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. பல திரைகளின் ஒளியும் கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு எரிகிறது. கேமராவின் ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் அது ஒளியை ஏற்கும் நேரம், இந்தச் சுற்றுடன் பொருந்தாதபோது கோடுகள் தோன்றுகின்றன. ஆகவே தானியங்கி அமைப்பை விட்டு, ஷட்டரை 1/60 நொடியில் நிறுத்தினேன். திரை சரியாயிற்று, ஆனால் பின்சுவர் துடிக்கத் தொடங்கியது. காரணம், மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக (நொடிக்கு 50 சுற்றுகளாக) உள்ள இடங்களில் பல விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறியிறங்குகிறது. 1/60 நொடிக்குள் அந்த ஏற்றயிறக்கங்கள் முழு எண்ணிக்கையில் அடங்குவதில்லை, 1/50 நொடிக்குள் சரியாக இரண்டு அடங்குகின்றன. எனவே கணினியின் காட்சி அமைப்புகளில் திரையை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, ஷட்டரை 1/50 நொடிக்கும், காணொளியை நொடிக்கு 25 ஃபிரேமுக்கும் (தனிப்படங்களுக்கும்) அமைத்தபோது திரையின் கோடுகளும் சுவரின் துடிப்பும் ஒருங்கே நின்றன. திரையில் அந்தத் தேர்வு இல்லையெனில், விளக்குகளை அணைத்துவிட்டு, சன்னல் வெளிச்சத்தில் 1/60 நொடியிலும் 30 ஃபிரேமிலும் எடுங்கள். திரையின் பிரகாசத்தைக் குறைக்க வேண்டாம். குறைக்கக் குறைக்கப் பல திரைகளில் துடிப்பு மிகுதியாகிறது.

புகைப்படங்களுக்கும் இதே ஷட்டர் வேகம் பொருந்தும். கை நடுங்கினால் படம் மங்கும் என்பதால் முக்காலி கட்டாயம். கைப்பேசியில் எடுப்போர், ஷட்டரைக் கையால் அமைக்க இடம்தரும் பிளாக்மேஜிக் கேமரா செயலியை நாடலாம். இலவசச் செயலிகளுள் என் முதல் தேர்வு அதுவே.

எடிட்டிங்கிற்கு டாவின்சி ரிசால்வ் போதும். முதல் கோப்பைச் சேர்ப்பதற்கு முன்பே ஃபிரேம் எண்ணிக்கையை 25 என (30 ஃபிரேமில் எடுத்திருந்தால் 30 என) அமைத்துவிடுங்கள். சேர்த்த பிறகு அத்திட்டத்தில் அதை மாற்ற இயலாது.

பிற்சேர்க்கை: 144 ஹெர்ட்ஸ் திரையில் கோடுகள் நீங்கவில்லை என ஒருவர் எழுதியிருந்தார். அத்தகைய திரைகளில் 100 ஹெர்ட்ஸ் தேர்வு இருந்தால் அதைக் கொள்ளுங்கள். 1/50 நொடிக்குள் இரண்டு முழுச் சுற்றுகள் முடியும். கோடுகளுக்குப் பதிலாக வானவில் நிற அலைகள் தெரிகின்றன என்று எழுதிய மற்றொருவரின் சிக்கல் வேறு: திரையின் புள்ளிகளும் கேமரா உணரியின் புள்ளிகளும் ஒன்றோடொன்று மோதுவதால் அவை எழுகின்றன. கேமராவைச் சற்றே சாய்த்து, ஃபோகஸைத் திரையிலிருந்து விளையாடுபவரின் விரல்களுக்கு மாற்றினால் அவை மறையும்.