கேம்கார்டர் வீடியோ டிவிடி பிளேயரில் ஓட வேண்டுமா?

என் மகனின் காதணி விழா வீடியோவை வட்டில் பதிந்து அம்மாவிடம் கொடுத்தேன். பிளேயர் வட்டைச் சுழற்றிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளிவிட்டது. ஆசையோடு காத்திருந்த அம்மாவின் முகம் வாடிப்போனது.

கோப்பை அப்படியே நகலெடுத்தால் அது வெறும் டேட்டா வட்டுதான். பழைய பிளேயர்கள் தேடுவது 'வீடியோ_டிஎஸ்' என்ற ஃபோல்டரையும், அதற்குள் எம்பெக்-2 என்ற வீடியோ வடிவில் இருக்கும் படத்தையும். டிவிடி ஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் இந்த மாற்றத்தைச் செய்து, மெனுவும் அமைத்துத் தரும். நம் ஊரில் எடுத்த வீடியோ என்றால் நம் நாட்டு டிவி முறையான பி.ஏ.எல்.-ஐத் தேர்ந்தெடுங்கள்: 720×576 அளவு, நொடிக்கு 25 பிரேம்.

வட்டின் கொள்ளளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 4.7 ஜிபி வட்டு கணினியில் ஏறக்குறைய 4.38 ஜிபி என்றே காட்டும். அதில் ஒரு மணி நேரப் படம் மிகத் தெளிவாக இருக்கும். இரண்டு மணி நேரம் வரை பார்க்கலாம். அதற்கு மேல் திணித்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். கையில் பிடித்து எடுத்த, ஆடி அசையும் காட்சிகளில் இது இன்னும் மோசமாகத் தெரியும். இரண்டு வட்டுகளாகப் பிரித்துவிடுங்கள், தயங்காதீர்கள்.

ஒரு முறை மட்டும் பதியக்கூடிய டிவிடி-ஆர் வகை வட்டு வாங்குங்கள். பதியும்போது 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் வேகம் போதும். மேலே ஸ்டிக்கர் ஒட்டாமல், வட்டுக்கென விற்கும் மார்க்கரால் தேதியை எழுதுங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.