ஏ.சி. மாற்றும்போது பெர்மிட் எங்கே மாட்டிக்கொள்கிறது?

கலிஃபோர்னியாவில் வீட்டு ஏ.சி. வேலையில் புதிதாக இறங்கிய தம்பிகள் சிலர் என்னோடு வேலைக்கு வருகிறார்கள். நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை அப்படியே செய்கிறார்கள். பெர்மிட் எடுக்க வேண்டும், லைசென்ஸ் வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். பெர்மிட் கையில் இருந்தும் வேலை சிக்கும் இடங்களைத்தான் எழுதுகிறேன்.

டக்ட்டைப் பார்க்காமல் விலை சொல்வது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். வெளியே இருக்கும் கண்டென்சரைப் பார்ப்பார்கள், உள்ளே காற்றைக் குளிர்விக்கும் காயிலைப் பார்ப்பார்கள், விலையை எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள். டக்ட் (அறைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்) ஓடும் அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியிலுள்ள இடத்தில், ஏற மாட்டார்கள். ஆனால் கலிஃபோர்னியாவின் டைட்டில் 24 கட்டட எரிசக்தி விதிப்படி, கண்டென்சரையோ காயிலையோ மாற்றினாலே அந்த வீட்டு டக்ட்டும் கசிவுச் சோதனைக்கு வந்துவிடும். 2023-இல் நடைமுறைக்கு வந்த பதிப்பு, பழைய டக்ட்டுக்கான கசிவு வரம்பை, மொத்தக் காற்றில், 15 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக இறக்கிவிட்டது. 3 டன் ஏ.சி.க்கு 1,200 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்று என்று கணக்கு. அப்படியானால் 25 பாஸ்கல் அழுத்தத்தில் கசிவு 120-ஐத் தாண்டக் கூடாது. வருஷக்கணக்காக அட்டிக் சூட்டில் காய்ந்த டக்ட் அந்த வரம்புக்குள் நிற்பது அபூர்வம்.

சாக்ரமென்டோ பக்கம் ஒரு வீடு. புது மெஷின் மாட்டியாயிற்று, குளிர் நன்றாக வருகிறது, வீட்டுக்காரருக்கும் திருப்தி. அப்புறம் ரேட்டர், அதாவது சோதித்துச் சான்று தரும் வெளியாள், வந்தார். கிரில்களை எல்லாம் ஒட்டி மூடிச் சோதனை ஃபேனை ஓட்டினார். மீட்டர் 300-ஐத் தாண்டியது. வேலை எடுத்த தம்பி அட்டிக்கில் தவழ்ந்துபோய் ஒவ்வொரு இணைப்பிலும் மாஸ்டிக் என்னும் அடைப்புப் பசையைப் பூசினார். எண் கொஞ்சம்தான் இறங்கியது. நான் போய், வீட்டு ஹீட்டரான ஃபர்னஸுக்குக் கீழே, அறைக்காற்றைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் கிரில்லைக் கழற்றி டார்ச் அடித்தேன். ஃபர்னஸ் நிற்கும் மரமேடையின் உட்பக்கமே அங்கே ரிட்டர்ன் டக்ட். உள்ளே வெறும் மரச்சட்டம், மூலையில் சேராமல் நின்ற ஜிப்சம் பலகை. கேஸ் பைப்புக்காக வெட்டிய ஓட்டையில் என் கையே நுழைந்தது. சுவருக்குள் இருக்கும் தூசிக் காற்றை அந்த வீடு நாள்தோறும் இழுத்துக்கொண்டிருந்தது. இதே மேடை கராஜில் இருந்தால் காரின் புகையும் சேர்ந்து படுக்கையறைக்கு வரும்.

உள்ளே பலகை அடித்து மூலைகளை அடைத்ததும் சோதனை தேறியது. ஆனால் அந்தக் கூலியும் மறுசோதனைக் கட்டணமும் தம்பியின் கையிலிருந்துதான் போயின. விலையை முன்பே எழுதிக் கொடுத்தாகிவிட்டதே, இனி வீட்டுக்காரரிடம் எந்த முகத்தோடு கேட்பது?

விலை சொல்லும் முன்பே சோதனை ஃபேனை மாட்டிப் பாருங்கள். வந்த எண்ணை வீட்டுக்காரரிடம் காட்டி, டக்ட் அடைக்கும் வேலையைத் தனி வரியாக எழுதுங்கள். துணி டக்ட் டேப்பை நம்ப வேண்டாம். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 1990-களிலேயே பலவகை டேப்புகளைச் சூட்டில் வைத்துப் பார்த்தது. திரும்பத் திரும்பத் தோற்றது அதுதான். எட்டும் ஓட்டைகளை எல்லாம் அடைத்தும் 10 சதவீதத்துக்கு வராவிட்டால், ரேட்டர் புகை விட்டுப் பார்த்துச் சான்று தரும் வழி உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் சுற்றிய பழைய டக்ட் என்றால் கையே வைக்காதீர்கள். அதற்குச் சோதனையிலிருந்து விலக்கு இருக்கிறது.

பழைய டன்னையே திரும்பப் போடுவது

ஜன்னல் மாறியிருக்கும், அட்டிக்கில் இன்சுலேஷன் கூடியிருக்கும். வீட்டுக்கு இப்போது எத்தனை டன் தேவை என்று சொல்லும் மேனுவல் ஜே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒல்லியான டக்ட்டில் பெரிய மெஷினை மாட்டினால் டன்னுக்கு 300 சி.எஃப்.எம். காற்றுகூட வராது.

பிரேக்கர்

மெஷினின் பெயர்ப்பலகையில் அதிகபட்சம் 30 ஆம்ப் என்றிருந்தால், பேனலில் இருக்கும் பழைய 40 ஆம்ப் பிரேக்கரை மாற்றுங்கள்.

புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம்

ஏ.சி. பார்க்க வரும் இன்ஸ்பெக்டர் இதையும் பார்ப்பார்.

இறுதி ஆய்வுக்குக் கூப்பிடாமல் விடுவது

பணம் வந்தாயிற்று என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வேலை செய்தவர் தரும் சி.எஃப்.2.ஆர்., ரேட்டர் தரும் சி.எஃப்.3.ஆர். ஆகிய படிவங்கள் இரண்டும் பதிவாகி, இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டால்தான் பெர்மிட் முடியும். இல்லையென்றால் அது திறந்தே கிடந்து காலாவதியாகும். வீட்டை விற்கும் நாளில் அது தெரியவந்து, பாவம், வீட்டுக்காரர் அலைவார். மின் நிறுவனம் தரும் தள்ளுபடிக்கும் பெர்மிட் முடிந்த சான்று வேண்டும். 2016-இல் வந்த எஸ்.பி. 1414 சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

படிவங்களை ஓர் உறையில் போட்டு ஃபர்னஸ் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஆய்வு நாளில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசித் தவணையை இன்ஸ்பெக்டர் கையெழுத்துக்குப் பிறகே வாங்குவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால், கூப்பிட மறக்கவும் மாட்டீர்கள்.