எரிபொருள் தொட்டி போதாத கார்: புதிய ஃபார்முலா 1 அணிகள் செய்த தவறுகள்

2010 மார்ச்சில் பஹ்ரைன் போன சென்னைக்காரர் கருண் சந்தோக், தன் பந்தயக் காரை முதன்முதலாக ஓட்டியதே, பந்தயத்தில் புறப்படும் வரிசையை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றில்தான். சோதனை ஓட்டம் எதுவும் கிடையாது. அவருடைய ஹிஸ்பானியா அணியின் பணியாளர்கள் அதுவரை காரைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பந்தயம் தொடங்கிய சற்று நேரத்திலேயே அவர் விபத்தில் சிக்கி வெளியேறினார். பாவம், அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அந்த ஆண்டு புதிதாகக் களமிறங்கியவை ஹிஸ்பானியா, வர்ஜின், லோட்டஸ் (பிற்பாடு கேட்டர்ஹாம்) ஆகிய மூன்று அணிகள். மூன்றுமே இன்று இல்லை. அவற்றோடு அனுமதி பெற்ற ஓர் அமெரிக்க அணியோ பந்தயத் தடத்தையே எட்டவில்லை.

இவர்களை இழுத்துவந்தது ஒரு வாக்குறுதி. ஓர் அணி ஆண்டுக்கு 4 கோடி பவுண்டுக்கு மேல் செலவிடக் கூடாது என்று உச்சவரம்பு கொண்டுவர 2009இல் இந்தப் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் உலகக் கூட்டமைப்பான எஃப்ஐஏ முயன்றது. பெரிய அணிகள் தனித் தொடர் நடத்தப்போவதாக மிரட்டியதும் திட்டம் கைவிடப்பட்டது. புதியவர்கள் அதற்குள் பெயர் கொடுத்துவிட்டிருந்தார்கள். வராத விதியை நம்பிக் கணக்குப் போட்டதுதான் முதல் தவறு. மற்ற பலவும் அதன் வட்டிதான்.

வர்ஜின் அணி, காரின் மீது காற்றைப் பாய்ச்சிப் பார்க்கும் காற்றுச் சுரங்கச் சோதனையே வேண்டாம், முழுக்கக் கணினியிலேயே வடிவமைக்கிறோம் என்றது. சிக்கனம் என்று அதற்குப் பெயர். பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பக் கூடாது என்ற விதி அந்த ஆண்டுதான் வந்தது. பார்த்தால், வர்ஜின் காரின் தொட்டியோ பந்தயம் முடியும்வரை தாங்காத அளவு சிறியது! சிறப்பு அனுமதி வாங்கி காரின் உடற்கூட்டையே (சேசிஸ்) மாற்ற வேண்டியதாயிற்று. மிச்சம் பிடித்த காசு எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான பாதை ஹாஸ் அணியுடையது. 2015இலேயே இறங்கியிருக்கலாம், உரிமையாளர் ஜீன் ஹாஸ் அவசரப்படாமல் ஓராண்டு தள்ளிப்போட்டார். விதி அனுமதித்த பாகங்களையெல்லாம் ஃபெராரியிடம் வாங்கினார். உடற்கூட்டைப் பந்தயக் கார் தயாரிக்கும் இத்தாலிய நிறுவனமான டல்லாராவிடம் விட்டார். ‘இதெல்லாம் ஒரு சொந்தக் காரா?’ என்று போட்டியாளர்கள் முணுமுணுத்தார்கள். 2016இல் முதல் பந்தயத்திலேயே ரொமாங் குரோஜான் ஆறாவதாக வந்து 8 புள்ளிகள் வாங்கினார். ஹிஸ்பானியா மூன்று ஆண்டுகள் ஓடியும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கௌரவம் பார்ப்பவனுக்கு இந்த விளையாட்டு ஆகாது.

கடைசி வரிசையில் நடக்கும் சண்டை அற்பமானது என்று நினைப்பதும் தவறு. அங்கேதான் உயிர் இருக்கிறது, ஏனென்றால் அந்த ஆண்டுகளில் பரிசுப்பணத்தில் பத்தாம் இடத்துக்கும் பதினொன்றாம் இடத்துக்கும் பெரிய பள்ளம் இருந்தது. வர்ஜின் அணியின் வாரிசான மேனர், 2016இல் ஒரே ஒரு புள்ளியோடு பத்தாம் இடத்தில் இருந்தது. மழை கொட்டிய பிரேசில் பந்தயத்தில் சவுபர் அணியின் ஃபெலிப்பே நாஸ்ர் ஒன்பதாவதாக வந்து 2 புள்ளிகள் எடுத்தார். மேனர் பதினொன்றுக்கு இறங்கியது. 2017 ஜனவரியில் கதவை மூடியது.

கடன் கழுத்தை நெரிக்கும்போது, யாராவது வருவார் என்று காத்திருப்பது இன்னொரு வியாதி. கேட்டர்ஹாம் 2014இல் இரண்டு பந்தயங்களுக்குப் போகவே இல்லை. கடைசிப் பந்தயமான அபுதாபிக்குப் போக ரசிகர்களிடம் இணையத்தில் பணம் திரட்டியது. அதோடு சரி.

ஃபோர்ஸ் இந்தியா புதிய அணி அல்ல என்றாலும் அது தப்பித்த விதம் கவனிக்கத்தக்கது. 2018 ஜூலையில் அதைத் திவால் நிர்வாகத்துக்குள் தள்ளியது, அதன் ஓட்டுநர் செர்ஜியோ பெரெஸ் தன் பாக்கிக்காகத் தொடுத்த வழக்கு. துரோகம் போலத் தெரியலாம். ஆனால் வேறு கடன்காரர்கள் நிறுவனத்தையே கலைக்கக் கோரியிருந்த நேரம் அது. நிர்வாகிகளிடம் போனதால் அணி முழுசாக விற்பனைக்கு வந்தது, கனடாக் கோடீஸ்வரர் லாரன்ஸ் ஸ்ட்ரோலின் குழு வாங்கியது, சுமார் 400 பேரின் வேலை நிலைத்தது. அதுவரை எடுத்த 59 புள்ளிகள் மட்டும் பறிபோயின. ஆகஸ்டில் பெல்ஜியத்தில் புதுப் பெயரோடு, பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினார்கள். பெரெஸ் அன்று ஐந்தாவதாக வந்தார், சக ஓட்டுநர் ஒக்கோன் ஆறாவதாக.