பெர்ல் ஸ்கிரிப்டில் ஆப்ஷன்களைச் சுருக்கி எழுதுவது எப்படி?

பழைய லாக் கோப்புகளை அழிக்க பெர்ல் நிரல்மொழியில் நான் எழுதிய ஸ்கிரிப்டில், --டெஸ்ட் என்ற ஆப்ஷனை இட்டால் பட்டியல் மட்டும் வரும், எதுவும் அழியாது. வழக்கம்போல அதை --டெ என்று சுருக்கி இட்ட ஒரு நாள், கோப்புகள் உண்மையிலேயே அழிந்துவிட்டன. அதன் காரணத்தைக் கண்டறிந்த பிறகே இதை எழுதுகிறேன். இங்கே தமிழில் உள்ள நிரல் சொற்களை நீங்கள் ஆங்கில எழுத்தில் இட வேண்டும்.

படி 1: கட்டளை வரியில் இடும் ஆப்ஷன்களைப் பிரித்தெடுக்கும் கெட்ஆப்ட்::லாங் மாட்யூலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது பெர்லுடனேயே வருகிறது. கட்டளை வரியை நாமே பிரித்தெடுக்கும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 2: ஆப்ஷன்களை அறிவியுங்கள்.

கெட்ஆப்ஷன்ஸ்('டெஸ்ட்' => \$டெஸ்ட், 'டேஸ்=ஐ' => \$டேஸ்);

சுருக்கங்களை ஏற்கும் ஆட்டோ_அப்ரெவ் என்னும் அமைப்பு இயல்பாகவே இயங்குவதால், வேறெந்த ஆப்ஷனும் அதே எழுத்துகளில் தொடங்காத வரை, --டெ என்பதே போதும்.

படி 3: கெட்ஆப்ஷன்ஸ் திருப்பித் தரும் மதிப்பைச் சோதியுங்கள். நான் தவறியது இங்கேதான். தற்காலிகக் கோப்புகளுக்காக 'டெம்ப்' என்ற ஆப்ஷனைப் பின்னர் சேர்த்தபோது, --டெ இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. "ஆப்ஷன் டெ ஈஸ் ஆம்பிகுவஸ் (டெம்ப், டெஸ்ட்)" என்று மாட்யூல் எச்சரித்தது. ஆனால் அது ஸ்கிரிப்டை நிறுத்துவதில்லை, தோல்வியைக் குறிக்கும் பொய் மதிப்பை (ஃபால்ஸ்) மட்டுமே திருப்பித் தருகிறது. அதை நான் பார்க்காததால் $டெஸ்ட் வெறுமையாகவே இருக்க, ஸ்கிரிப்ட் தொடர்ந்து ஓடியது. எச்சரிக்கை வரியோ, அழிந்த கோப்புகளின் நீண்ட பட்டியலுக்கு மேலே திரையைவிட்டு நகர்ந்துவிட்டது. ஆகவே கெட்ஆப்ஷன்ஸ் அழைப்பின் இறுதியில், பொய் மதிப்பு வந்தால் ஸ்கிரிப்டை நிறுத்தும் 'ஆர் டை' சேர்க்காமல் எந்த ஸ்கிரிப்டையும் இயக்காதீர்கள்.

படி 4: அடிக்கடி பயன்படும் சுருக்கத்தை 'டெஸ்ட்|டெ' என்று மாற்றுப் பெயராகவே அறிவியுங்கள். முழுமையாகப் பொருந்தும் பெயருக்கே முன்னுரிமை என்பதால், பின்னர் எதைச் சேர்த்தாலும் அது மாறாது. இதைச் செய்யாமல் 'டெஸ்ட்' ஆப்ஷனுக்கு வேறு பெயர் சூட்டினால், --டெ எந்த எச்சரிக்கையுமின்றி 'டெம்ப்' ஆகிவிடும். 'ஆர் டை' கூட அதைத் தடுக்காது. கிரான் (குறித்த நேரத்தில் தானாக இயக்கும் கருவி) வழியாக ஓடும் ஸ்கிரிப்டுகளில் நான் நோ_ஆட்டோ_அப்ரெவ் இட்டுச் சுருக்கத்தையே நிறுத்திவிடுகிறேன்.

பிற்சேர்க்கை: ஒற்றைக் கோட்டுடன் -டெ இட்டால் வேலை செய்யவில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒற்றைக் கோட்டுக்குப் பின் பல ஓரெழுத்து ஆப்ஷன்களைச் சேர்த்து எழுத உதவும் பண்ட்லிங் அமைப்பை அவர் இயக்கியிருந்தார். அப்போது ஆங்கிலத்தில் உள்ள அந்த இரண்டு எழுத்துகளும் இரு தனி ஆப்ஷன்களாகப் படிக்கப்படும். இரட்டைக் கோடு இட்டால் சுருக்கம் முன்போலவே செயல்படும்.